மாஸ்டிக் அஸ்பால்ட் கலவையில் ஜல்லி அடியில் படிகிறது

வணக்கம். மூன்று வாரங்களாக எங்கள் கொப்பரையில் காய்ச்சும் மாஸ்டிக் அஸ்பால்ட்டில், அதாவது சாலைத் தளங்களில் சூடாக ஊற்றிப் பரப்பும் தார்க் கலவையில், ஜல்லி அடியில் தங்கிவிடுகிறது. முதல் வாளியில் கல்லே மிகுந்து வருகிறது, கடைசி வாளியிலோ பளபளவென்று தார்ச்சாந்து மட்டும் வழிகிறது.

படுக்கைவாட்டுத் தண்டில் துடுப்புகள் சுழலும், 2 டன் கொள்ளளவுள்ள கொப்பரை அது. சுண்ணாம்புக்கல் தூளை 170 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, பாதித் தாரைச் சேர்த்து ஒரு மணி நேரமும், மணலையும் மீதித் தாரையும் இட்டு இன்னொரு மணி நேரமும், இறுதியில் ஜல்லியைக் கொட்டி மேலும் ஒரு மணி நேரமும் கிளறுகிறோம். தார் கெட்டு இறுகிவிடும் என்பதால் வெப்பத்தை 210 டிகிரிக்கு மேல் நான் விட்டதே இல்லை.

தேய்ந்த துடுப்புகளை மாற்றினோம்; வெப்பத்தை 190 டிகிரிக்குக் குறைத்தோம்; பயனில்லை. கடைசிக் கிளறலை 2 மணி நேரமாக நீட்டியபோது படிவு சற்றுக் குறைந்தாலும், கலவை விறைத்துப் பரப்பும் பலகையில் இழுபட்டது. உருளையால் அழுத்தாமல் தானே வழிந்து, உள்ளே வெற்றிடமின்றி அமர வேண்டிய கலவைக்கு அது பெருங்கேடு.

புதிய தூள் வந்த வாரத்தில்தான் இது தொடங்கியது. பழைய தூள் விரலிடையில் மாவாக வழுக்கும், இது நறநறக்கிறது.

தாரின் அளவை மாற்றாமல், 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்தூளின் பங்கை மட்டும் உயர்த்தினால் ஜல்லி படியாமல் நிற்குமா?