கண் கூசாத வெளிச்சம்

மலர்: பெரியப்பா, உட்புற வடிவமைப்பு வகுப்பில் டென்மார்க்கின் விளக்கு வடிவமைப்பாளர் பௌல் ஹென்னிங்சனைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மேலே நான் அனுப்பியிருக்கும் படம் அவர் 1958-இல் வடிவமைத்து, தன் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டிய பி.எச். 5 விளக்கு. இதன் உட்புறத்தில் எதற்காகச் சிவப்பும் நீலமும் பூசியிருக்கிறார்கள்?

பெரியப்பா: நிறத்துக்கு முன்னால் அவருடைய கவலை என்னவென்று பார்த்துவிடு அம்மா. 1894-இல் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கின் இதமான ஒளியில் வளர்ந்த அவருக்கு, மின்சார பல்பு மொட்டையாகத் தொங்கிக் கண்ணைக் கூச வைத்தது பொறுக்கவில்லை. ஆகவே 1920-களில், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பல்பு நேராகக் கண்ணில் படாதபடியும், ஒளி ஷேடில் பட்டுச் சிதறிய பிறகே மேசைக்கு வரும்படியும், நடுவிலிருந்து விலக விலக அகன்றுகொண்டே போகும் மடக்கைச் சுருளின் வளைவைக் கொண்ட மூன்று ஷேடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தார். லூயி பௌல்சன் என்ற டென்மார்க் விளக்கு நிறுவனம் அவற்றை இன்றும் தயாரிக்கிறது.

பெரியப்பா: இனி உன் கேள்விக்கு வருகிறேன். நம் கண்ணுக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த நடுப்பகுதி ஒளிதான் மிகப் பளிச்சென்று தெரியும். நிறமாலையின் இரு ஓரங்களில் இருக்கும் சிவப்பும் நீலமும் அந்த அளவுக்குத் தெரிவதில்லை. அந்த இரண்டையும் சற்றே தூக்கிக் கொடுத்தால் ஒளி இதமாக இருக்கும் என்று கருதித்தான், வெளியே எளிதில் தெரியாத உட்பாகங்களுக்கு அந்த நிறங்களைக் கொடுத்தார்.

சித்தி: போர்க்காலத்தில் அவர் செய்ததையும் சேர்த்து எழுது மலர். ஜெர்மானியர் டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்தபோது, இருட்டடிப்புக்கு நடுவிலும் கோபன்ஹேகனின் டிவோலி பூங்கா இரவில் இயங்குவதற்காக, மேலே பறக்கும் விமானத்துக்கு வெளிச்சம் தெரியாத விளக்கை 1941-இல் வடிவமைத்தார். 1943-இல் அவரே ஊரை விட்டுத் தப்ப நேர்ந்தது. கட்டடக் கலைஞர் ஆர்னெ யாகொப்சனோடு சிறு படகில் துடுப்புப் போட்டு ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மலர்: இது எனக்குத் தெரியாது சித்தி, கட்டாயம் சேர்க்கிறேன். பெரியப்பா, 72 செப்பு இதழ்களை 12 வரிசைகளில் அடுக்கிய அவருடைய ஆர்ட்டிசோக் விளக்கை முதன்மையாக எழுதலாமா?

பெரியப்பா: அது லாங்கெலினி பெவிலியன் உணவகத்துக்காகச் செய்தது, அழகில் அதை மிஞ்ச முடியாது. ஆனாலும் பி.எச். 5-ஐ முன்னால் வை. பல்பு நிறுவனங்கள் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால், எந்தப் பல்பைப் போட்டாலும் கூசாத விளக்காக அதைச் செய்தார். பெரிய ஷேடின் விட்டம் 50 செ.மீ.; அதுதான் அந்த 5. சாப்பாட்டு மேசைக்கு மேலே தாழ்வாகத் தொங்கவிட்டாலும் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பல்பு தெரியாது. சாதாரண வீட்டுக்கும் நல்ல வெளிச்சம் வேண்டும் என்று வாதாடியவருக்கு அந்த விளக்குதான் பொருத்தம்.