தென் லுவாங்வாவின் வேலியில்லாத முகாம்கள்: அக்டோபரில் பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

லுசாகாவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணியின் காரணமாக ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் வசித்து வருகிறேன். இந்த ஆண்டு என் பெற்றோர் இங்கு வந்து தங்கவிருக்கிறார்கள். இருவரும் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், நன்றாக நடக்கக்கூடியவர்கள். ஜாம்பியாவின் கிழக்கிலுள்ள தென் லுவாங்வா தேசியப் பூங்காவில், ஆற்றங்கரையில் மரக்கழிகளாலும் நாணலாலும் புல்லாலும் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்பட்டு, மழைக்கு முன் பிரித்துவிடப்படும் சிறு முகாம் ஒன்றில் அவர்களுடன் சில இரவுகள் தங்க எண்ணியிருக்கிறேன். விலங்குகளை மிக அதிகமாகக் காணும் மாதம் அக்டோபர் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் இம்முகாம்களுக்கு வேலி கிடையாது என்பதையும், யானையும் நீர்யானையும் குடில்களுக்கு இடையிலேயே நடந்து செல்லும் என்பதையும் அறிந்ததிலிருந்து அம்மா தயங்குகிறார். அவருக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. விலங்குகள் முகாமுக்குள் ஏன் வருகின்றன, ஏன் வேலி போடுவதில்லை, இரவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பனவற்றை நேரில் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முசாங்கு நிழல் எழுதியது:

வணக்கம். பூங்காவின் வாயிலாக விளங்கும் முஃபூவேயில், விடுதி ஒன்றின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றினேன்; வறண்ட பருவம் முழுவதும் முகாம்களிலேயே தங்கியிருந்ததுண்டு. உங்கள் முதல் கேள்விக்கான விடையை அறிந்துகொண்டால் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லுவாங்வா பள்ளத்தாக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. அம்மாதங்களில் ஆறு கரைபுரள்கிறது, களிமண் பாதைகள் சேறாகின்றன, உட்பகுதியிலுள்ள மோப்பானே மரக் காடுகளில் எங்கு பார்த்தாலும் சிறு குட்டைகள் நிறைந்திருக்கின்றன. அப்போது விலங்குகள் 9,050 சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறி வாழ்கின்றன. மழை நின்றபின் அக்குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றுகின்றன. செப்டம்பர் வரும்போது லூவி போன்ற துணையாறுகள் வெறும் மணற்படுகைகளாகிவிடுகின்றன; யானைகள் அம்மணலைத் தோண்டி அடியில் ஊறும் நீரைக் குடிப்பதைக் காணலாம். எஞ்சியிருப்பவை பேராறும், அது தடம் மாறியபோது விட்டுச்சென்ற குருட்டு ஆறுகளும், சில ஊற்றுகளும்தாம். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். காட்டெருமை மந்தைகளோ நாள் தவறாமல் நீருக்கு வந்தாக வேண்டும். இரை நீரைத் தேடி வரும்போது சிங்கமும் சிறுத்தையும் கழுதைப்புலியும் பின்தொடர்கின்றன.

முகாம்கள் நிற்பது இந்த ஆற்றங்கரையில்தான். அதிலும் நிழலுக்காக எந்த மரங்களின் கீழ் குடில் அமைக்கிறார்களோ, அவையே அப்பருவத்தில் உணவு தரும் மரங்கள். இங்கே முசாங்கு என்றழைக்கப்படும் மரம், மற்ற மரங்களுக்கு மாறாக, மழைக்காலத்தில் இலையுதிர்த்து வறண்ட காலத்தில் பசுமையாக நிற்கும். புல்லெல்லாம் காய்ந்து சத்திழந்த வேளையில் புரதம் நிறைந்த அதன் சுருண்ட காய்கள் உதிர்கின்றன. யானைகள் அவற்றுக்காகவே மரத்திலிருந்து மரத்துக்கு நடக்கின்றன. நம் ஊர்ப் பூங்காக்களில் சிவகுண்டலம் என்று அறியப்படும் மரமும் இக்கரைகளுக்கே உரியது. அதன் கருஞ்சிவப்பு மலர்கள் இரவில் விரிந்து விடியலில் கீழே விழும். அவற்றைத் தின்ன இம்பாலா மானும் பூக்கு மானும் கூடும் என்பது சிறுத்தைக்கு நன்றாகத் தெரியும். எனவே மலர் உதிரும் மரத்தின் கிளையில் அது காத்திருப்பதும் உண்டு. முஃபூவே லாட்ஜின் வரவேற்புக் கூடத்தின் வழியே யானைக் குடும்பம் படியேறி நடந்து செல்லும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கூடத்துக்கு அப்பால் ஒரு காட்டு மாமரம் இருக்கிறது. வறண்ட பருவம் முடியும் வேளையில் பழுக்கும் அதன் கனிகளே காரணம்.

இப்படி இருக்கும்போது வேலி இட்டால், நீருக்கும் உணவுக்கும் செல்லும் பழைய தடங்களை அடைத்தவர்களாவோம். யானை அதை உடைத்துக்கொண்டு வரும். உடைத்து வந்த யானை வெளியேற வழி தெரியாமல் உள்ளே மிரண்டு நிற்பது, அமைதியாகக் கடந்து செல்லும் யானையைவிட மிக ஆபத்தானது. ஆகையால் விலங்குக்கு எப்போதும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்பதே முகாம்களின் அடிப்படை ஏற்பாடு.

இரவைப் பற்றி: இருட்டிய பின் குடிலிலிருந்து உணவுக்கூடத்துக்கும் அங்கிருந்து குடிலுக்கும் காவலர் ஒருவர் விளக்குடன் அழைத்துச் செல்வார். தூரம் இருபது அடிதான் என்றாலும் தனியே நடக்கக்கூடாது. நான் மிகவும் அஞ்சுவது சிங்கத்தை அல்ல, நீர்யானையையே. பகலில் நீரில் கிடக்கும் அது, இரவில் புல்மேயக் கரையேறும். அதற்கும் ஆற்றுக்கும் இடையில் மனிதர் நின்றுவிட்டால், தப்பிக்கும் வழி அடைபட்டதாக எண்ணிப் பாயும். அக்டோபரில் கரையோரப் புல் தீர்ந்துவிடுவதால், மெலிந்த நீர்யானைகள் பகலிலும் நிலத்தில் அலைகின்றன. பாதையோரப் புதருக்குள் தனித்துப் படுத்திருக்கும் கிழட்டுக் காட்டெருமைக் கடாக்களும் அதே அளவு கவனத்துக்குரியவை.

குடிலின் கதவையும் வலைச்சாளரத்தையும் முழுமையாக மூட வேண்டும். புழுக்கம் தாங்காமல் திறந்து வைத்துத் தூங்கும் எண்ணம் எவருக்கும் வரக்கூடாது. காலணிகளை வெளியே விட்டால் கழுதைப்புலி தூக்கிச் சென்றுவிடும். பழமோ பிஸ்கட்டோ உள்ளே இருந்தால் பகலில் பபூன் குரங்கும் இரவில் தேன்வளைக்கரடியும் வரும். அவசரத்துக்கு ஊதுவதற்குப் பெரும்பாலான முகாம்களில் ஓர் ஊதல் வைத்திருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்பதை முதல் மாலையே அம்மாவிடம் காட்டுங்கள். ஒலிகளை முன்பே அறிந்திருந்தாலும் அச்சம் பாதியாகக் குறையும். ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல் விட்டுவிட்டுக் கேட்டால் சிறுத்தை. தாழத் தொடங்கி மேலெழும் நீண்ட கூவல் கழுதைப்புலி. சிங்கத்தின் முழக்கம் பல கிலோமீட்டர் தொலைவு கேட்கும் என்பதால், அது கேட்டவுடன் வாசலில் நிற்பதாக எண்ண வேண்டியதில்லை.

வெப்பமண்டல மருத்துவர் எழுதியது:

நண்பர் விரிவாக எழுதியிருப்பதால் உடல்நலம் குறித்து மட்டும் சில சொற்கள். அக்டோபரில் பள்ளத்தாக்கின் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரத்த அழுத்தத்துக்கு நீர்போக்கி மாத்திரை எடுத்துக்கொள்ளும் முதியவர்களுக்கு அந்த வெப்பத்தில் உடலின் நீரும் உப்பும் விரைவில் குறையும். பயணத்துக்கு முன் அவர்களுடைய மருத்துவரிடம் அளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மலேரியா மழைக்காலத்தில் மிகுதி என்றாலும் லுவாங்வாவில் ஆண்டு முழுவதும் உண்டு. எனவே தடுப்பு மாத்திரையை வறண்ட பருவத்திலும் தவிர்க்கக்கூடாது, ஊர் திரும்பிய பின்னும் குறித்த நாள்வரை தொடர வேண்டும். திரும்பியபின் காய்ச்சல் வந்தால், எங்கே சென்றிருந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். கடித்து இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்களைக் கருநீலமும் கறுப்பும் கவர்கின்றன. ஆதலால் காக்கி, சாம்பல் போன்ற மங்கிய நிறங்களில் முழுக்கைச் சட்டைகள் எடுத்துச் செல்லுங்கள்.

லுசாகாவாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் பதிலை அம்மாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். யானை உணவைத் தேடித்தான் வருகிறது, நம்மைத் தேடி வருவதில்லை என்பது அவருக்குப் பெரிதும் நிம்மதியளித்தது. ஆனால் அவர் உடனே இரண்டு கேள்விகள் கேட்டார். காலையில் கதவைத் திறக்கும்போது வாசலிலேயே யானை நின்றால் என்ன செய்வது? 2025 ஜூலையில் இதே பூங்காவில் நடைப்பயணம் சென்ற இரு வெளிநாட்டுப் பெண்கள் யானையால் கொல்லப்பட்டார்கள் அல்லவா. அப்படியிருக்க நடைப்பயணம் எங்களுக்குத் தேவையா?

முசாங்கு நிழல் எழுதியது:

அம்மாவின் முதல் கேள்விக்கு விடை எளிது: கதவைத் திறப்பதற்கு முன் சாளரத்தின் வழியே இருபுறமும் பார்க்க வேண்டும், யானை நின்றால் உள்ளேயே இருக்க வேண்டும். காலைத் தேநீர் தாமதமாவதற்காக எந்த முகாமிலும் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். படம் எடுக்க வெளியே வருவதும், கைதட்டி விரட்டுவதும், விளக்கை அதன் கண்ணில் அடிப்பதும் கூடாது. வெளியில் இருக்கும்போது எதிர்ப்பட்டால் ஓடாமல், காவலர் சொல்லும் திசையில் மெல்லப் பின்வாங்கி, பருத்த மரம் ஒன்றையோ கட்டடத்தையோ இடையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யானை தன் மனநிலையை மறைப்பதில்லை. ஒரு காலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பது, தின்னாமலே புல்லைப் பற்றுவது, துதிக்கை நுனியைத் திருப்பி மோப்பம் பிடிப்பது ஆகியவை அதற்கு நாம் இடைஞ்சலாக இருக்கிறோம் என்பதன் முதல் அறிகுறிகள். அப்போதே விலகிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். தலையை உயர்த்திக் காதுகளை விரித்துப் பிளிறி ஓடிவருவது பெரும்பாலும் மிரட்டலாக நின்றுவிடும். தலையைத் தாழ்த்திக் காதுகளை ஒடுக்கித் துதிக்கையைச் சுருட்டி ஓசையின்றி வருவது அப்படி நிற்காது. இவை பொதுவான அடையாளங்களே. இவற்றை நம்பி நாமே முடிவெடுக்காமல், வழிகாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்படுவதே நம் கடமை.

2025 நிகழ்வு எங்கள் எல்லோரையும் உலுக்கியது. குட்டியுடன் இருந்த பெண் யானை தாக்கியது. வழிகாட்டிகள் சுட்டும் அதை நிறுத்த முடியவில்லை. துப்பாக்கி உடனிருப்பதால் ஆபத்தே இல்லை என்று யாரேனும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஆபத்து குறைவு, ஆனால் இருக்கிறது. அதை அறிந்தே முடிவு செய்ய வேண்டும். 1950இல் வனவிலங்குக் காப்பாளர் நார்மன் கார், இப்பகுதி மக்களின் தலைவர் ன்செஃபுவின் இசைவுடன் இங்கே பயணிகளுக்கான முகாமைத் தொடங்கி, பின்னர் நடைப்பயணங்களையும் நிலைபெறச் செய்த காலந்தொட்டு, அனுபவமுள்ள வழிகாட்டியும் ஆயுதமேந்திய வனக்காவலரும் முன்னே செல்ல, மற்றவர்கள் ஒற்றை வரிசையில் பேசாமல் தொடர்வதே முறையாக இருந்து வருகிறது. விரைந்து பின்வாங்க முடியாதவர்கள் நடைப்பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. அப்பா விரும்பினால் அவர் மட்டும் காலையில் செல்லலாம். அம்மா வண்டியில் செல்லலாம், அல்லது கரையில் அமர்ந்தே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். என் கருத்தில் அந்தக் கரையிருப்பே முகாமின் மிகச் சிறந்த பகுதி.

மாதத்தைப் பொறுத்தவரை, மருத்துவர் சொன்னதைக் கேட்டபின் செப்டம்பர் நடுப்பகுதியையே பரிந்துரைப்பேன். வெப்பம் உச்சத்தை எட்டியிருக்காது; விலங்குகளோ ஏற்கெனவே ஆற்றுக்கு வந்திருக்கும். செங்குத்தான மண்கரைகளில் செஞ்சிவப்புப் பஞ்சுருட்டான் பறவைகள் கூட்டங்கூட்டமாக வளைதோண்டிக் கூடுகட்டும் காலமும் அதுவே.

ஸாம்பெசிக் கரை எழுதியது:

ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பகுதியை நன்கறிந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். அங்கும் முசாங்கு மரங்களே. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று உயரக் கிளைகளை எட்டிய பாஸ்வெல் என்ற ஆண் யானையால் அவை உலகறிந்தவை. அங்கே சொந்தக் கூடாரம் அடித்துத் தங்கலாம். வழிகாட்டி இல்லாமல் நடப்பதற்கும் அனுமதி உண்டு. அந்தச் சுதந்திரம் முதல் முறை வருபவர்களுக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஆரஞ்சு முதலிய பழங்களை அங்கே கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. ஒருமுறை மனிதரிடமிருந்து பழத்தின் சுவையறிந்த யானை, அடுத்த கூடாரத்தையும் அடுத்த காரையும் பிரித்துப் பார்க்கும்; முடிவில் அந்த யானையைச் சுட நேரிடும். லுவாங்வாவில் எழுதப்பட்ட தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டியில் ஆரஞ்சோ மாம்பழமோ வைத்துக்கொள்ளாதீர்கள். குரங்குக்கு ஒரு துண்டு ரொட்டி போடுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

சிப்பாட்டா ஆசிரியை எழுதியது:

பயணிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, ஆற்றின் கிழக்குக் கரையில் வாழும் குண்டா மக்களையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். அந்த முகாம்களில் சமைப்பவர்களும் காவல் காப்பவர்களும் பெரும்பாலும் அவ்வூர்களைச் சேர்ந்தவர்களே. விடுப்பில் வீடு திரும்பும்போது அவர்களுக்கு விளக்கேந்திய காவலர் துணை இல்லை, மிதிவண்டியில் அதே யானைத் தடங்களைக் கடக்கிறார்கள். 2024இல் மழை பொய்த்து நாடு முழுவதும் வறட்சி தேசியப் பேரிடராக அறிவிக்கப்பட்டபோது, மக்காச்சோளம் விளையாத வீடுகளுக்கு மிஞ்சிய சேமிப்பும் விலங்குகளுக்குப் பலியாகுமோ என்ற கவலை பெரிது. யானைகளை விலக்க மிளகாய்த் தூளும் எண்ணெயும் பூசிய கயிறுகளை வயலைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அது உயிர்ச்சேதமில்லாத முறை. முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது, முகாம் நடத்துவோர் செலுத்தும் தொகையில் ஊருக்கு எவ்வளவு செல்கிறது, உள்ளூர்ப் பிள்ளைகளை வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல முகாம்கள் மகிழ்ச்சியுடன் பதில் சொல்வார்கள்.

லுசாகாவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செப்டம்பருக்கே மாற்றிக்கொண்டோம். அப்பா மட்டும் ஒரு காலை நடப்பார். அம்மாவும் நானும் கரையில் இருப்போம். ஊர்ப் பங்கைப் பற்றிய கேள்வியையும் இரண்டு முகாம்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். கிழக்கு மாகாணத் தலைநகரான சிப்பாட்டா வழியாகக் காரிலேயே வரலாம் என்று எண்ணுகிறேன். அந்தச் சாலை எப்படி?

சிப்பாட்டா ஆசிரியை எழுதியது:

சிப்பாட்டாவிலிருந்து முஃபூவே வரை தார்ச்சாலைதான். லுசாகாவிலிருந்து ஒரே நாளில் முழுத் தூரத்தையும் கடக்க முயலாமல், சிப்பாட்டாவில் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் புறப்படுங்கள். முஃபூவேயை நெருங்கும் பகுதியில் அந்திக்குப் பின் யானைகள் சாலையைக் கடக்கும். விளக்கில்லாத மிதிவண்டிகளும் வரும். நண்பகலுக்குள் சேர்ந்துவிட்டால், வெயில் தாழும்வரை பெற்றோர் இளைப்பாறவும் நேரம் கிடைக்கும்.