விமான நிறுவனத்தின் போட்டித்திறனுக்கு ஊழியர் உறவு எந்த அளவு காரணம்?

கேள்வி (அஸ்தம்பட்டி, மேலாண்மை மாணவர்):
நமது சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு 2009-இல் கிங்ஃபிஷரும் 2018-இல் ட்ரூஜெட்டும் வந்தன. இரண்டும் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் சேவை மீண்டது. எரிபொருள் விலையும் டாலர் மதிப்பும் எல்லா நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்னும்போது, ஒன்று நிலைப்பதற்கும் மற்றொன்று வீழ்வதற்கும் ஊழியர்களை நடத்தும் முறை எவ்வளவு காரணம்? தொழிற்சங்கம் வலுவாக இருந்தால் செலவு கூடிப் போட்டியில் பின்தங்க நேரிடும் என்று வகுப்பில் சொன்னார்கள். அது சரிதானா?

மறுமொழி (ஓமலூர்):
தம்பி, அதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தில் ஊழியர்களில் பெரும்பான்மையினர் சங்க உறுப்பினர்கள். அந்த நிறுவனம்தான் 1973 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் லாபம் ஈட்டியது. 1972-இல் பணமுடையால் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தபோது, மீதி மூன்றைக் கொண்டே பழைய அட்டவணையை ஓட்டினார்கள்; தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடங்களில் மீண்டும் கிளப்பியதால்தான் அது கைகூடியது.

நான் பெங்களூரில் தரைப்பணியில் இருந்தவன். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மூட்டைகளை இறக்கி ஏற்றி, எரிபொருள் நிரப்பி, இருக்கைகளைத் துடைத்து, லோடு ஷீட் எனும் எடைக் கணக்குத் தாளில் விமானி கையெழுத்திட்டுக் கதவு மூடும்வரை ஒரு பிரிவின் வேலை முடிந்தால்தான் மற்றொன்றின் வேலை நகரும். தாமதத்துக்கு யார் காரணம் என்று விளக்கக் கடிதம் கேட்பதையே நிர்வாகம் வழக்கமாக்கிவிட்டால், ஒவ்வொருவரும் தம்மீது பழி விழாமல் பார்த்துக்கொள்வாரே தவிர, பக்கத்தில் திணறுபவருக்குக் கைகொடுக்க முன்வர மாட்டார். நான் பணியாற்றிய இடத்தில் அதுதான் நடந்தது. தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை என்பதை மேலாளர்கள் அறிந்திருந்தும், அந்த நிமிடங்கள் ஊழியர்களின் மனநிலையோடு கட்டுண்டவை என்பதை உணரவில்லை.

மறுமொழி (செவ்வாய்ப்பேட்டை):
ஓமலூர் ஐயா சொல்வதற்கு அமெரிக்காவின் கான்டினென்டல் நல்ல சான்று. 1994-இல் நேரந்தவறாமையில் கடைசி வரிசையில் கிடந்த நிறுவனம் அது. தலைமை ஏற்ற கார்டன் பெத்தூன், நேரந்தவறாமையில் முதல் ஐந்து இடங்களுக்குள் வரும் மாதங்களில் ஊழியர் ஒவ்வொருவருக்கும் 65 டாலர் தருவதாக 1995-இல் அறிவித்துக் கொடுத்தார். சில மாதங்களிலேயே நிறுவனம் முன்வரிசைக்கு வந்துவிட்டது. தொகை சிறிதுதான், ஆனால் எல்லோருக்கும் சமம். அதே நிறுவனத்தை முன்பு நடத்திய ஃபிராங்க் லோரென்சோவின் கையில் இருந்த ஈஸ்டர்ன் என்ற மற்றொரு விமான நிறுவனம், 1989-இல் தொழில்நுட்ப ஊழியர்களின் வேலைநிறுத்தத்தோடு நொடிந்து 1991 ஜனவரியில் மூடப்பட்டது.

மறுமொழி (ஏற்காடு):
இருவரும் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் ஊழியர்களுக்கு நிறுவனத்தின் பங்குகளைக் கொடுத்தால் உறவு சீராகிவிடும் என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனத்தில் 1994-இல் ஊழியர்களுக்கு 55 விழுக்காட்டு உரிமை கிடைத்தது. ஆயினும் 2000-ஆம் ஆண்டுக் கோடையில் ஊதிய ஒப்பந்தம் இழுபட்டபோது விமானிகள் கூடுதல் நேரப் பணியை மறுக்க, ஏராளமான விமானங்கள் ரத்தாயின. 2002 டிசம்பரில் நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றம் தரும் திவால் பாதுகாப்பை நாடியது. அதற்கு 2001 செப்டம்பர் தாக்குதலும் பெருங்காரணம்.

மறுமொழி (ஓமலூர்):
ஒப்புக்கொள்கிறேன். நம் நாட்டில் 2025 டிசம்பரையும் பாருங்கள். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்திய விதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தும், அவற்றுக்கேற்ற விமானிகள் கையிருப்பில் இல்லாததால் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஆள் எண்ணிக்கையை இறுக்கிப் பிடிப்பதைச் சிக்கனம் என்று கணக்கெழுதும் நிர்வாகம், ஓய்வு விதி ஒன்று மாறினாலே தடுமாறும். பெங்களூரில் ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததைப் பிடிக்கலாம். காமலாபுரத்தில் பயணி கார் பிடித்துச் சாலை வழியே போக வேண்டியதுதான்.