பழைய கணினிகளைக் கைவிடும் கணக்கு மென்பொருள்: இது நியாயமா?

கணக்குப்பிள்ளை:
நாங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளின் அடுத்த பதிப்பு, 64 பிட் (பழைய 32 பிட் வகைக்குப் பின் வந்த வகை) விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய கணினிகளில் மட்டுமே ஓடும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அது போகட்டும், புதிய பதிப்பு வேண்டாம் என்று இருந்துவிடலாம். ஆனால் இப்போதுள்ள பதிப்பின் உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரையும் ஆண்டு இறுதியில் நிறுத்திவிடப் போகிறார்களாம். விண்டோஸ் 7 கணினியில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள், ஒரு நாள் காலையில் திறக்காது. பற்றும் வரவும் எழுதுகிற முறை மாறிவிட்டதா என்ன? காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கையிலிருந்து பிடுங்குவதாகவே இதைப் பார்க்கிறேன்.

நிரலாளன்:
நானும் வணிக மென்பொருள் எழுதுகிறவன், வேறு நிறுவனத்தில். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அது முழுவதும் அந்த நிறுவனத்தின் மேல் விழுவது சரியல்ல. ஒரு கணக்கு மென்பொருளில் நாங்களே எழுதுவது பாதிகூட இருக்காது. மீதியெல்லாம் பிறர் எழுதிய பாகங்கள். அறிக்கைகளைத் திரையில் காட்டப் பலரும் வெப்வியூ2 என்ற உலாவிப் பாகத்தைப் பயன்படுத்துகிறோம். விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் அதன் 109ஆம் பதிப்புதான் கடைசி. குரோம் உலாவிக்கும் அதே கதைதான். பைத்தான் நிரல்மொழி 3.9ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 7இல் ஓடாது. கோ நிரல்மொழியும் 1.21ஆம் பதிப்பில் அதை விட்டுவிட்டது. திரைகளை அமைக்க உதவும் கியூடி கருவித்தொகுப்பின் 6ஆம் பதிப்பு தொடக்கத்திலிருந்தே விண்டோஸ் 10 கேட்கிறது.

இவற்றின் பழைய பதிப்புகளிலேயே நான் தங்கிவிட்டால், அவற்றில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் கிடையாது. மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 7க்கான பொது ஆதரவை 2020 ஜனவரி 14 அன்று முடித்துக்கொண்டது. கட்டண ஆதரவும் 2023 ஜனவரியோடு தீர்ந்தது. அடித்தளமே போன பிறகு மாடியை நான் எப்படித் தாங்குவது?

கணக்குப்பிள்ளை:
நீங்கள் சொன்னதெல்லாம் புதிய பதிப்பு ஏன் ஓடாது என்பதற்கான விளக்கம். அதை நான் கேட்கவே இல்லை. பழைய பதிப்பின் உரிமத்தை ஏன் அணைக்க வேண்டும்?

வலைக்காவலர்:
அதற்கு நான் பதில் சொல்கிறேன். அலுவலக வலையமைப்புகளைப் பராமரிப்பது என் வேலை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள். அது யாரும் எதையும் அழுத்தாமலே, கோப்புப் பகிர்வு வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. அன்றைக்காவது திருத்தம் இருந்தது. இன்று விண்டோஸ் 7இல் அப்படி ஓர் ஓட்டை வெளிப்பட்டால் திருத்தம் வரும் என்று நம்பி உட்கார முடியாது.

"எங்கள் கணக்குக் கணினியில் இணையமே இல்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் அச்சுப்பொறிக்காக அதே வலையமைப்பில்தான் செருகியிருக்கிறது. ஊழியர்களின் சம்பள விவரம், வங்கிக் கணக்கு எண்கள் எல்லாம் அதற்குள்தான். வாடிக்கையாளர் சிலர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்தக் கதவை மூடுவதுதான் பொறுப்பான செயல்.

பட்டறைக்காரர்:
கதவை மூடச் சொல்வது எளிது ஐயா. என் எடை இயந்திரம் ஒரு 32 பிட் டிரைவர் (சாதனத்தைக் கணினியோடு இணைக்கும் நிரல்) வழியாகத்தான் கணினியோடு பேசுகிறது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்காது. இயந்திரத்தைச் செய்த நிறுவனம் இப்போது இல்லை, புதிய டிரைவர் எழுதித் தர யாரும் இல்லை. கணினியை மாற்றினால் எடை இயந்திரத்தையும் மாற்ற வேண்டும். அதை மாற்றினால் பில் போடும் முறையை மாற்ற வேண்டும். கணினியின் விலை இதில் கடைசிக் கவலை.

இன்னொன்று. என் அலுவலகத்தில் இன்டெல் ஏழாம் தலைமுறைக் கணினி ஒன்று இருக்கிறது. 16 ஜிபி நினைவகம், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, எல்லாம் உண்டு. ஆனால் ஓரிரு விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் செயலிகளின் பட்டியல் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்று விண்டோஸ் 7காரர்களுக்கு நடப்பது நாளை எங்களுக்கு. அந்தக் கணினியில் என்ன குறை, யாராவது சொல்லுங்கள்.

இளமாறன்:
எல்லோரும் விண்டோஸை விட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிவிடலாமே?

நிரலாளன்:
இளமாறன், அங்கேயும் கோடு நகர்கிறது. 2025இல் வந்த ரெட் ஹேட் 10 என்ற லினக்ஸ் வெளியீடு, ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத பழைய செயலியில் ஓடாது. அதோடு, இவர்களின் கணக்கு மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்க வேண்டுமே.

பட்டறைக்காரரே, உங்கள் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீடு செயலியில் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதியின் கட்டளைகளைக் கேட்கிறது. அவை இல்லாத செயலியில் அது தொடங்கவே தொடங்காது. அது தொழில்நுட்பக் காரணம், வாதாட இடமில்லை. ஏழாம் தலைமுறையை ஒதுக்கியது அப்படிப்பட்டதல்ல. அந்த வரம்பை நான் ஆதரிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
பழைய தளத்தைத் தாங்கவே முடியாது என்பதையும் நான் ஏற்கவில்லை. 2023 ஜூலையில் வந்த ஃபயர்பாக்ஸ் உலாவியின் 115ஆம் பதிப்பை விண்டோஸ் 7காரர்களுக்காகத் தனிக் கிளையாக வைத்து, குறித்த கெடு முடிந்த பிறகும் நீட்டித்துப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுத்தார்கள். புதிய வசதி எதுவும் கிடையாது, திருத்தம் மட்டும். மனமிருந்தால் இதற்கு வழி இருக்கிறது.

என் உண்மையான கவலை வேறு. உரிமம் தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்று வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டேன். "அதற்கு முன் தரவை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்" என்றார்கள். செய்து பார்த்தேன். சிஎஸ்வி கோப்பில் (வெறும் எழுத்தாலான அட்டவணைக் கோப்பு) தேதி, தொகை, கணக்கின் பெயர், விவரக் குறிப்பு வந்தன. பதிவோடு இணைத்து வைத்த பில் படங்கள் வரவில்லை. வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்த்து நாங்கள் போட்ட குறிகள் வரவில்லை. எந்தப் பதிவை யார், எப்போது, என்னவாக இருந்ததை என்னவாக மாற்றினார் என்ற திருத்த வரலாறு அடியோடு இல்லை. தணிக்கையாளர் முதலில் கேட்பதே அதைத்தான். கணக்குகளை இத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறபோது, அவற்றைத் திறக்கும் சாவியை இன்னொருவர் அணைக்கலாமா? புதிய கணினி வாங்கினாலும் பழைய ஆண்டுகளின் கோப்புகளைப் புதிய பதிப்பு முழுமையாகத் திறக்கும் என்று அவர்கள் எழுதித் தரவில்லை.

நிரலாளன்:
ஃபயர்பாக்ஸ் எடுத்துக்காட்டு பொருந்தாது. அந்த உலாவியின் இயந்திரமே அதை உருவாக்கும் மொசில்லாவுடையது, நினைத்தபோது கிளை பிரிக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் ஏற்றுமதி பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. திருத்த வரலாறு இல்லாத ஏற்றுமதி ஏற்றுமதியே அல்ல. ஆதரவை நிறுத்தும் நிறுவனம், உரிமச் சரிபார்ப்பு இல்லாத, பார்க்கவும் அச்சிடவும் மட்டும் முடிகிற ஒரு பதிப்பைக் கடைசியாகக் கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்வது பெரிய வேலையும் அல்ல.

வலைக்காவலர்:
பார்க்க மட்டும் என்றால் எனக்கும் சம்மதம். அந்தக் கணினியைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். பட்டறைக்காரருக்கும் அதுதான் வழி: எடை இயந்திரக் கணினியைத் தனி வலைப்பிரிவில் வைத்து, எடை எண்கள் மட்டும் புதிய கணினிக்கு ஒருவழியாகப் போகும்படி அமைக்கலாம். நான் செய்து கொடுத்திருக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது.

கணக்குப்பிள்ளை:
அந்த நிறுவனத்துக்கு இன்றே எழுதுகிறேன்: பார்வைப் பதிப்பு வேண்டும், திருத்த வரலாற்றோடு ஏற்றுமதி வேண்டும், கையிலுள்ள பதிப்பில் தொடர்ந்து பதிவு போடவும் உரிமை வேண்டும். நிரலாளன், உங்கள் நிறுவனமாக இருந்தால் இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுமா?

நிரலாளன்:
முதல் இரண்டையும் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். மூன்றாவதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன். திருத்தம் இல்லாத கணினியில் சம்பளப் பட்டியல் களவு போனால், பாதிக்கப்படுவது மென்பொருளை வாங்கிய நீங்கள் மட்டுமல்ல. அதில் பெயர் இருக்கும் ஊழியர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த ஊழியர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். பொறுப்பு என்னுடையது என்றால் முடிவும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.