பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை: கொழுந்துக் கணக்கு நோட்புக்

கேள்வி (பொகவந்தலாவையிலிருந்து)

எல்லோருக்கும் வணக்கம். பைதன் படிக்கத் தொடங்கி நான்கு மாதம். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுப்பார்கள்: காலை, பகல், அந்தி. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் ஒரு கிலோ கழிப்பார்கள். வீட்டுக்கு வந்து இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்ததும் அம்மா செய்கிற முதல் வேலை, அந்த மூன்று எடையையும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவதுதான். மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒத்துப் பார்ப்பது என் பொறுப்பு. போன மாதம் எங்கள் கணக்கைவிடத் துண்டில் 11 கிலோ குறைவு. கையால் கூட்டியது நான். பிழை என்னுடையதா, அவர்களுடையதா என்று அம்மாவிடம் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் ஜூபிட்டர்லெப்பில் (பைதன் கோடைச் செல் என்ற துண்டு துண்டாக ஓட்டிப் பார்க்கும் இடம்) ஒரு நோட்புக் செய்கிறேன். முதல் செல்லில் எடைப் பெட்டி, பட்டன், வெறும் பட்டியலாக 'மொத்தம்'. இரண்டாவது செல்லில் இது (போனில் தமிழில் தட்டுவதால் கோடும் தமிழிலேயே இருக்கிறது):

டெஃப் கூட்டு():
    மொத்தம்.அப்பென்ட்(எடை.வேல்யூ - 1)
    பிரின்ட்(சம்(மொத்தம்))

பட்டன்.ஒன்_கிளிக்(கூட்டு)

பட்டன் அழகாக வருகிறது. அமுக்கினால் ஒன்றுமே இல்லை. சிவப்பு எழுத்தில் பிழைகூட வரவில்லை. இரண்டாவது செல்லை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பிழை என்று ஏதாவது சொன்னால் தேடியாவது பார்க்கலாம், இது பேசாமலே இருக்கிறது.

பதில் (ஹட்டனிலிருந்து)

ஒன்_கிளிக்குக்குள் கூட்டு என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டீர்களா? போட்டால் செல் ஓடும்போதே ஒரு தடவை ஓடி முடிந்துவிடும், பட்டனுக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் கற்பிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இதில்தான் மாட்டுவார்கள்.

கேள்வி கேட்டவர்

இல்லை டீச்சர், அடைப்புக்குறி போடவில்லை. மேலே எழுதியது அப்படியே என் கோட்.

பதில் (பண்டாரவளையிலிருந்து)

தங்கச்சி, பிழை வந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் பார்க்காத இடத்தில் வருகிறது. மேலே வியூ மெனுவில் 'ஷோ லொக் கொன்சோல்' என்று இருக்கும், அதைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டனை அமுக்குங்கள்.

செல் ஓடி முடிந்த பிறகு நடக்கிற காரியம் இது. பட்டனை அமுக்கும்போது எந்தச் செல்லும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஆகவே உங்கள் பிரின்ட்டையும் பிழைச் செய்தியையும் எந்தச் செல்லின் கீழே காட்டுவது என்று ஜூபிட்டர்லெப்புக்குத் தெரியாது, லொக்கில் போட்டுவிடும். அங்கே 'டைப்எரர்' ஒன்று வரிசையாக நிற்கும் பாருங்கள்: கூட்டு ஒன்றுமே வாங்காது, ஆனால் ஒன்று கொடுக்கப்பட்டது என்று. பட்டனை அமுக்கினால் அந்தப் பட்டனே ஃபங்ஷனுக்குள் அனுப்பப்படும். அதை வாங்க ஒரு இடம் வேண்டும். டெஃப் கூட்டு(ப): என்று மாற்றுங்கள்.

விடை கண்ணெதிரில் வர, புதிய செல் ஒன்றில் வெளி = விட்ஜெட்ஸ்.அவுட்புட்() என்று ஒன்றைச் செய்து, டிஸ்பிளே(வெளி) போடுங்கள். பிறகு ஃபங்ஷனுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் வித் வெளி: என்பதற்குக் கீழே தள்ளி வையுங்கள். பிரின்ட்டும் பிழையும் அங்கேயே விழும். இதை மட்டும் விடவே வேண்டாம். கொழுந்துக் கணக்கு மாதிரி ஒரு காரியத்தில் பிழை மறைந்து கிடக்கக்கூடாது.

கேள்வி கேட்டவர்

அண்ணா, லொக்கைத் திறந்தால் நீங்கள் சொன்ன அதே பிழை வரிசையாக நிற்கிறது! இத்தனை நாளும் அது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மாற்றினேன். வெளியும் போட்டேன். இப்போது விடை வருகிறது, ஆனால் தப்பாக. 8 அடித்து ஒரு தடவை அமுக்கினால் 7 வர வேண்டும். 7 வந்து, அதற்குக் கீழே உடனே 14 வருகிறது. லொக்கில் பழைய பிழையும் இன்னும் விழுகிறது. திருத்திய செல்லை இரண்டு தடவை ஓட்டினேன், அதனாலா?

பதில் (பண்டாரவளையிலிருந்து)

அதேதான். ஒன்_கிளிக் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்காது, இருப்பதோடு சேர்த்து வைக்கும். செல்லை ஓட்டும் ஒவ்வொரு தடவையும் டெஃப் புதிதாக ஒரு ஃபங்ஷனை உண்டாக்குகிறது. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. இப்போது உங்கள் பட்டனில் ஐந்து பேர் தொங்குகிறார்கள்: முதல் மூன்று தடவை ஓட்டிய பழைய மூவர், திருத்திய இருவர். பழையவர்கள் லொக்கில் பிழை போடுகிறார்கள், புதியவர்கள் ஆளுக்கொரு தடவை கூட்டுகிறார்கள். சம்பளத் துண்டோடு ஒத்துப் பார்க்கும் கணக்கில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பட்டனை உண்டாக்குவதும் ஒன்_கிளிக்கும் ஒரே செல்லில் இருக்கட்டும். செல்லை மறுபடி ஓட்டினால் பட்டனும் புதிதாக வரும், பழைய தொங்கல் இருக்காது.

கேள்வி கேட்டவர்

ஒரே செல்லுக்குக் கொண்டுவந்தேன், 7 மட்டும் வருகிறது. நன்றி அண்ணா. அப்புறம், ஆசைப்பட்டு மூன்று வேளைக்கும் மூன்று பட்டன் வைத்தேன்:

ஃபோர் வேளை இன் ["காலை", "பகல்", "அந்தி"]:
    ப = விட்ஜெட்ஸ்.பட்டன்(டிஸ்கிரிப்ஷன்=வேளை)
    ப.ஒன்_கிளிக்(லெம்டா ப: எழுது(வேளை))
    டிஸ்பிளே(ப)

எதை அமுக்கினாலும் அந்தியில்தான் எழுதுகிறது.

பதில் (ஹட்டனிலிருந்து)

இதற்கு நான் சொல்கிறேன் மகள். லெம்டா, அதாவது நீங்கள் அங்கேயே எழுதிய பெயரில்லாத குட்டி ஃபங்ஷன், 'வேளை' என்ற பெயரைத்தான் வைத்திருக்கிறது, அதன் அன்றைய மதிப்பை அல்ல. நீங்கள் அமுக்கும் நேரத்தில்தான் அது போய்ப் பார்க்கும். அதற்குள் லூப் முடிந்து, வேளை அந்தியில் நின்றுவிட்டது.

லெம்டாவே வேண்டாம். எதற்கென்று தெரியாமல் வாங்கிக்கொண்டீர்களே அந்த 'ப', அது அமுக்கப்பட்ட பட்டன். அதன் மேல் எழுதியிருப்பதை அதனிடமே கேட்கலாம். டெஃப் எழுது(ப): என்று வைத்து, உள்ளே கணக்கு[ப.டிஸ்கிரிப்ஷன்].அப்பென்ட்(எடை.வேல்யூ - 1) என்று எழுதுங்கள் (கணக்கு என்பது வேளைக்கொரு பட்டியல் வைத்த டிக்ஷனரி). லூப்பில் ப.ஒன்_கிளிக்(எழுது) போதும்.

இன்னொன்று. லெப்டொப்பை அணைத்துவிட்டு நாளைக்குத் திறந்தால் பட்டன் திரையில் இருந்தாலும் அமுக்க வேலை செய்யாது, கேர்னல் (பின்னால் கோடை ஓட்டும் பைதன்) புதிது. மேலிருந்து எல்லாச் செல்லையும் ஓட்ட வேண்டும். அடித்த எடைகளும் போயிருக்கும், ஆகவே ஒவ்வொரு அமுக்கலிலும் ஒரு சீஎஸ்வி கோப்பில் (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று இரவு முழு மாதத்தையும் அடித்து முடித்தோம் டீச்சர். அம்மா விளக்கடியில் தாளை வைத்து ஒவ்வொரு எடையாக வாசித்தார், நான் அமுக்கினேன். சேர்ந்த வரியைக் கோப்பில் பார்த்து அம்மா "ம்" சொன்ன பிறகுதான் அடுத்தது. 13ஆம் திகதி அந்தியில் நான் 9 என்று கூட்டியிருந்ததை அம்மா 6 என்று வாசித்தார். மழையில் நனைந்த தாள், பென்சில் கலைந்திருந்தது. அந்த 3 கிலோ என் பிழை.

மீதி 8 கிலோ என் பிழை இல்லை. நாள்வாரியாகப் பிரித்துத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கொடுக்கும் இடம்) போகும்போது தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் காட்டுவதாகச் சொன்னார்.