சின்ன லேத்தில் நீளமான மேசைக் கால் கடைந்த அனுபவம்

என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கிற சின்ன மர லேத், அதாவது மரத்தைச் சுழற்றி உளியால் கடையும் இயந்திரம். இரண்டு முனைகளுக்கும் நடுவே 18 அங்குல மரம்தான் நிற்கும். சாப்பாட்டு மேசைக்கோ 28 அங்குலக் கால் வேண்டும். அதனால் ஒவ்வொரு காலையும் இரண்டு துண்டாகக் கடைந்து இணைத்தேன். பெரிய லேத் கிடைத்தாலும் இனி இப்படியே செய்வேன். ஒல்லியான மரம் விட்டத்தைப் போல் பத்து மடங்கு நீளம் தாண்டினால் நடுவில் அதிரத் தொடங்கும். உளி பட்டதும் விலகி, மேலே திருகு வரி விழும். குட்டைத் துண்டில் அந்தத் தொல்லை குறைவு.

பழைய வீட்டு உத்தரத் தேக்கு வாங்கினேன். ஆணி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரே கட்டையை அறுத்து மேல், கீழ் என்று பென்சிலால் குறித்து வைத்தால், இணைத்த பிறகும் ரேகை தொடர்ந்து ஓடும். சட்டம் செருகும் துளைகளையும் கட்டை சதுரமாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

இணைப்புதான் முக்கியம். சதுரத் தலை உள்ள மேல் துண்டில் ஓர் அங்குலக் கழுந்து (துளைக்குள் செருகும் முளை), முழுக்க உருண்டையான கீழ்த் துண்டில் துளை. இவ்வளவு நீளத் துண்டை லேத்திலேயே துளைக்க இடம் போதாது. டிரில் ஸ்டாண்டில் முதலில் துளைத்தேன். பிறகு டெயில்ஸ்டாக்கின் (மரத்தின் மறுமுனையைத் தாங்கும் லேத் பகுதி) கூம்பு முனையை அந்தத் துளைக்குள்ளேயே பொருத்திக் கடைந்தேன். துளை ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் வெளிப்பக்கம் அதைச் சுற்றியே உருண்டு வரும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர்க் கடைசல்காரர். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

கழுந்தைத் துளையின் ஆழத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக விட்டு, பசை வெளியேற நீளவாக்கில் ஒரு கீறல் போட்டேன். கழுந்தின் அடியைச் சுற்றியுள்ள தோளை உட்பக்கம் லேசாகக் குடைந்தால் வெளி விளிம்பு இறுகப் பொருந்தும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்கு முன் தின்னர் போட்டுத் துடைப்பது நல்லது. இணைப்பு விழும் இடம் மணிக்கும் (காலைச் சுற்றிப் புடைத்திருக்கும் வளையம்) அதன் கீழ்ப் பள்ளத்துக்கும் நடுவே இருக்கட்டும். அங்கே எப்படியும் நிழல்கோடு இருக்கும், தேடினாலும் தெரியாது.

அப்புறம், நான்கு காலும் ஒன்றுபோல வர ஒரு பிளைவுட் பட்டையில் மணிகளின் இடத்தைக் குறித்துக்கொண்டேன். பருமன் கொஞ்சம் மாறினால் கண்ணுக்குப் படாது, மணியின் உயரம் மாறினால் உடனே உறுத்தும். தேக்கு உளியைச் சீக்கிரம் மழுக்கும், அடிக்கடி தீட்டிக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு முழுக் காலும் லேத்தில் ஏறாது என்பதால் உப்புத்தாள் வேலையை முன்னாலேயே முடித்துவிடுங்கள்.