பாக்கெட்டைச் சிறிதாக்கிய பிறகு பந்து உள்ளே போய்த் திரும்பி வருகிறது: பழையபடி மாற்றிவிடலாமா?

பீளமேட்டுக்காரன்

வணக்கம். கோவையில் எங்கள் குடியிருப்பின் பொழுதுபோக்குக் கூடத்தில் 8 அடி பூல் மேசை ஒன்று இருக்கிறது. ஸ்லேட் பலகை, வழக்கமான 57 மி.மீ. பந்துகள். குஷன் ரப்பர் செத்துப்போயிருந்ததால் சென்ற மாதம் ஆள் வைத்து மாற்றினோம். துணியும் புதிது. மூலைப் பாக்கெட்டுகள் முன்பு 5 அங்குலம். வேலைக்கு வந்தவரிடம் நன்றாக ஆடும் சிலர் "கொஞ்சம் சிறிதாக்கிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அவரும் செய்துகொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது வாய் 4¼ அங்குலம்.

அன்றிலிருந்து பந்து பாக்கெட்டுக்குள் பாதி போய், இரு பக்கத் தாடைகளிலும் (வாயின் இருபுறமும் உள்நோக்கித் திரும்பும் குஷன் முனைகள்) அடித்துவிட்டு வெளியே வருகிறது. நேர் ஷாட்டுகூட நிற்பதில்லை. எட்டுப்பந்து ஒரு ஆட்டம் முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது. மாலையில் வந்துகொண்டிருந்த பெண்களும் பெரியவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். நன்றாக ஆடுபவர்களோ, "இதுதான் உண்மையான மேசை, பழகினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் பதில் சொல்லியாக வேண்டும். பழைய 5 அங்குலத்துக்கே போகலாமா, இப்படியே விடலாமா?

நீலச்சாக்

இப்படியே விடுங்கள். உலக பூல் சங்கத்தின் விதிப்படி மூலைப் பாக்கெட்டின் வாய் 4½ முதல் 4⅝ அங்குலம். 2024இல் ஜெட்டாவில் நடந்த உலக நைன்பால் சாம்பியன்ஷிப்பில் 4 அங்குலமாகவே குறைத்துவிட்டார்கள். ஃபெடோர் கோர்ஸ்ட் அந்த மேசையில்தான் பட்டம் வென்றார். 5 அங்குல மேசையில் தப்பாக அடித்த பந்தும் விழுந்துவிடும். தப்பு எங்கே என்று தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்போம். மேசை கண்டிப்பாக இருந்தால்தான் கை திருந்தும்.

அளவுகோல்

நீலச்சாக் சொல்லும் அளவுகள் சரி. ஆனால் கேள்விக்கு அது பதில் இல்லை.

6 அடி தள்ளி நிற்கும் பந்தை நேராக மூலைக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பந்தின் விட்டம் 2¼ அங்குலம். தாடையில் உரசாமல் உள்ளே போக, 5 அங்குல வாயில் பந்தின் மையம் இருபுறமும் 1⅜ அங்குலம்வரை விலகலாம். 4½ என்றால் 1⅛. 4 என்றால் ⅞. இதை வெள்ளைப் பந்து வந்து மோதும் இடத்துக்குக் கொண்டுவந்து கணக்கிட்டால், அது பக்கவாட்டில் விலகக்கூடியது முறையே சுமார் 1.1, 0.9, 0.7 மி.மீ. உங்கள் 4¼ அங்குலத்துக்கு 0.8 மி.மீ. ஒரு அங்குலம்கூடக் குறைக்காத மாற்றம், மோதும் இடத்தில் கால்பங்குக்கு மேல் சலுகையைப் பறித்துவிடுகிறது. புதிதாக ஆடுபவர்கள் திணறுவதற்கு இதுவே போதும்.

ஆனால் நேராகப் போன பந்து ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு இந்தக் கணக்கில் விடை கிடையாது. ஆகவே இரண்டு கேள்விகள். மெதுவாக அடித்தாலும் வெளியே வருகிறதா? வாயை அளந்ததுபோல் தொண்டையையும், அதாவது தாடைகள் உள்ளே முடியும் இடத்தின் அகலத்தையும், அளந்து சொல்ல முடியுமா?

பீளமேட்டுக்காரன்

மெதுவாக அடித்தால் பெரும்பாலும் விழுகிறது. நடுத்தர வேகத்துக்கே திரும்பி வருகிறது. தொண்டை 3¼ அங்குலம். நான்கு மூலைகளிலும் ஏறக்குறைய அதே அளவு.

குஷன்வேலை

ஐயா, உங்கள் பிரச்சினை 4¼ இல்லை. அந்த 3¼தான்.

மூலைத் தாடை குஷனின் விளிம்போடு 142 பாகையில் திரும்ப வேண்டும், ஒரு பாகை முன்பின் இருக்கலாம். தாடையின் ஆழம் 2 அங்குலம் என்று கொண்டால், இந்தக் கோணத்தில் வாய்க்கும் தொண்டைக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம் வரும். உங்களுக்கு ஒரு அங்குலம் வருகிறது. கோணம் 149 பாகை அளவுக்குப் போயிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட பாக்கெட் புனல்போல் ஆகிவிடும். பந்து ஒரு தாடையில் பட்டால் உள்நோக்கிச் சறுக்காமல் எதிர்த் தாடைக்குப் போகும், அங்கிருந்து வெளியே வரும். மெதுவாக வந்தால் வேகம் செத்து விழுந்துவிடும். நீங்கள் சொல்வதும் அதுதான்.

இது எப்படி நேர்கிறது என்றால், பாக்கெட்டைச் சிறிதாக்கும்போது குஷனை நீட்டிப் புதிதாக வெட்டாமல், தாடையின் முகப்பில் ஒட்டப்படும் மெல்லிய ரப்பரான ஃபேசிங்குக்குப் பின்னால் கட்டை வைத்து ஒட்டிவிடுவார்கள். கட்டை உட்பக்கம் தடிப்பாக இருந்தால் தொண்டை நெரிந்துவிடும். குஷன் சட்டத்தை மேசையோடு பிடித்திருக்கும் ரெயில் போல்ட்டைக் கழற்றி, மூலையில் மட்டும் துணியின் ஊசிகளை எடுத்துப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். கட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, ஃபேசிங் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கட்டைபோல் இறுகியிருந்தால் அதுவும் பந்தைத் துப்பும்.

ஷெல்ஃபையும் பாருங்கள். வாய்க்கோட்டிலிருந்து ஸ்லேட் வெட்டப்பட்ட விளிம்புவரை உள்ள ஆழம் அது. விதிப்படி 1 முதல் 2¼ அங்குலம் இருக்கலாம். ஆழம் கூடினால் பந்து விளிம்பிலேயே தங்கி நிற்கும். ஸ்லேட்டை மாற்ற முடியாது என்பதால், ஷெல்ஃப் ஆழமாக உள்ள மேசையில் நான் வாயை அதிகம் குறைப்பதே இல்லை.

அளவுகோல்

மிகச் சரி. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியடோர் மேசையின் கடினத்தைக் கணக்கிட ஒரு முறை வகுத்திருக்கிறார். மேசையின் நீளம், வாயின் அகலம், தாடைக் கோணம், ஷெல்ஃப் ஆழம் ஆகிய நான்குக்கும் தனித்தனி மதிப்பு கொடுத்து, அவற்றைப் பெருக்கித்தான் மதிப்பிடுவார். வாயை மட்டும் வைத்து மேசையை எடைபோடுவது தவறு.

நீலச்சாக்

கோணம் கெட்டிருப்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல ஷாட்டைத் துப்பும் மேசையை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் சரிசெய்த பிறகும் வாய் 4¼ஆகவே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து.

ஓரப்பந்து

நான் அதை ஏற்கவில்லை. பெண்களும் பெரியவர்களும் வரவில்லை என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறார், அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெரிய பாக்கெட் பந்து விழுவதற்கு மட்டும் உதவுவதில்லை, வெள்ளைப் பந்தை நிறுத்துவதற்கும் உதவுகிறது. வாய் அகலமாக இருந்தால் பாக்கெட்டின் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ பந்தை அனுப்பி, வெள்ளையை வேறு கோணத்தில் கொண்டுவரலாம். நேர் ஷாட்டில் மாட்டிக்கொண்டால் தப்பிக்க அதுதான் வழி. வாய் குறுகியதும் நடுவில் ஒரே பாதைதான் மிஞ்சும். துணிந்து அடிப்பது குறைந்து, எதிராளிக்கு ஷாட் கிடைக்காதபடி பந்தை மறைத்து வைக்கும் ஆட்டம் கூடும். நைன்பாலில் மேசையில் ஒன்பது பந்துகள்தான். எட்டுப்பந்தில் பதினைந்து பந்துகள் கும்பலாகவும் குஷனை ஒட்டியும் கிடக்கும். அங்கே இந்த இறுக்கம் இன்னும் அதிகமாக வலிக்கும்.

ரஷ்யப் பிரமிடு என்ற பில்லியர்ட்ஸ் வகையில் 68 மி.மீ. பந்துக்கு மூலைப் பாக்கெட் 72, 73 மி.மீ.தான். அதையும் மக்கள் விரும்பி ஆடுகிறார்கள். காரணம், அதன் விதிகளே அந்தப் பாக்கெட்டுக்காக அமைந்தவை. அதன் ஒரு வகையான சுதந்திரப் பிரமிடில் எந்தப் பந்தாலும் எந்தப் பந்தையும் அடிக்கலாம், மோதிவிட்டுப் போய் விழும் பந்துக்கும் புள்ளி உண்டு. எட்டுப்பந்துக்கு அப்படிப்பட்ட சலுகை இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மோஸ்கோனி 1954இல் தொடர்ந்து 526 பந்துகள் போட்டதும் 8 அடி மேசையில்தான். இன்றைய போட்டி மேசைகளைவிடச் சிறிய மேசை என்பதற்காக அந்தத் திறமையை யாரும் குறைத்துப் பேசுவதில்லை.

பொதுக் கூடத்து மேசைக்கு 4¾ வையுங்கள். மிஞ்சினால் 4⅝.

பீளமேட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. குஷன்வேலை ஐயா சொன்னபடி இரண்டு மூலைகளைத் திறந்து பார்த்தோம். ஃபேசிங்குக்குப் பின்னால் ஒட்டுப்பலகை ஆப்பு இருந்தது, உட்பக்கம் தடிப்பாக. இங்கேயே ஒரு தச்சரை வைத்து நான்கு மூலைகளிலும் எடுத்துவிட்டு, சீரான தடிப்புள்ள கட்டையும் புதிய ஃபேசிங்கும் ஒட்டினோம். இப்போது வாய் 4⅝, தொண்டை 4 அங்குலத்துக்குச் சற்று மேல். நடுத்தர வேகத்தில் அடித்த பந்து விழுகிறது. குஷனை ஒட்டி வேகமாக அடித்தால் மட்டும் சில சமயம் துப்புகிறது.

கூட்டத்தில் இதற்கே ஒப்புதல் கிடைத்தது. நன்றாக ஆடும் நால்வருக்கு மட்டும் வருத்தம். அவர்களுடைய பயிற்சிக்கு ஏதாவது வழி உண்டா?

குஷன்வேலை

குஷனை ஒட்டி வேகமாக வரும் பந்தை நல்ல மேசையும் சில சமயம் துப்பும், அதைத் தொட வேண்டாம். பயிற்சிக்கு, பாக்கெட் வாயில் செருகிவிட்டு ஆட்டம் முடிந்ததும் எடுத்துவிடும் கட்டைகள் கிடைக்கின்றன. காலையில் அவர்கள் செருகி ஆடட்டும், மாலையில் எடுத்துவிடுங்கள். பசை போட்டு ஒட்டும் வகையை வாங்காதீர்கள், எடுக்கும்போது புதுத் துணி கிழிந்துவிடும்.